அந்தப் புத்தகத்தில் இல்லாத ஆள்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தம்பி, எனக்குக் காத்து ஒத்துக்காது. ஓசூர்தானுங்களே? நானும் ஓசூர்தான். மக வீட்டுக்கு. ஈரோட்டுல பஸ் ஏறினதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன், புத்தகத்தை விரிச்சு வெச்சிருக்கறீங்க, வெளிய பாக்கறீங்க, மறுக்காவும் அதே எடத்துக்கு வர்றீங்க. சங்ககிரி தாண்டியாச்சு, இன்னும் ஒரு பக்கம் திருப்பலை. தப்பா நெனைச்சுக்காதீங்க. பக்கத்துல ஒருத்தர் படிச்சா என்னோட கண்ணு தானா பக்க நம்பருக்குத்தான் போகும். பழக்கம் அப்படி.

எம்பேரு நாச்சிமுத்துங்க. கோபிச்செட்டிபாளையம். கூட்டுறவுத் துறையில ஆடிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பால் சொசைட்டி, நெசவாளர் சொசைட்டி, இப்படி ஊர் ஊராப் போயி உட்கார்ந்து அவங்க நோட்டையெல்லாம் புரட்டற வேலை. நான் வாசல்ல செருப்பைக் கழட்டினாலே உள்ள செக்ரட்டரிக்கு மூஞ்சியில ஈயாடாது. பக்க நம்பர் போடாத நோட்டை நான் கையால தொட்டதில்லை. அப்பேர்ப்பட்டவனைப் புத்தகம் படிக்கற குழுவுல எட்டுப் பேரு சேர்ந்து அரை வருசம் ஏமாத்தினாங்கன்னா நம்புவீங்களா? அதுல ஒருத்தி எம்பட சம்சாரம்.

சொல்றனுங்க. நீங்க வேணா படிங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். எப்படியும் நீங்க பக்கம் திருப்பப் போறதில்லை.

போன வருசம் தை மாசம் ஆரம்பிச்சுது. எங்க தெருவுல அம்சவேணி டீச்சர்னு ஒரு அம்மா. தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நூலகத்து மாடியில ஒரு ரூம் சும்மாத்தான கெடக்குது, மாசத்துக்கு ஒருக்கா ரெண்டாவது சனிக்கிழமை கூடுவோம், அவங்கவங்க படிச்சதைப் பேசுவோம்னு வீட்டுக்கே வந்து கூப்பிட்டாங்க. எனக்கும் ரிட்டயர் ஆனதுல இருந்து பொழுது போகாம இருந்துச்சு. நானும் கலாமணியும் போனோம். கலாமணிதான் எம்பட சம்சாரம். அவ ஒரு தூக்குப்போசி நெறையச் சுண்டல் கொண்டாந்தா.

மொதக் கூட்டத்துல என்ன நடந்துச்சுங்கறீங்க? ஒண்ணும் நடக்கலை. மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கற ராசப்பன் எந்திரிச்சு ஒரு கதை சொன்னாரு. அதுல ஒரு நாய் வருதாம். ஒடனே அவரு வளத்த நாயைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. அது லாரியில அடிபட்ட கதை. அப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க நாய். அரை மணி நேரம் நாய் தம்பி. ஒரு பாப்பா, காலேஜ் படிக்கறவ, கண்ணைத் தொடைச்சுக்கறா. டீச்சரும் தலையாட்டிக் கேட்டுட்டு இருக்கறாங்க. கடைசியில சுண்டலைத் தின்னுட்டு எல்லாரும் கெளம்பறாங்க. படிச்ச புத்தகத்தோட பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கலை. இது புத்தகக் குழுவா, வாரச் சந்தையான்னு எனக்கு ஒரே ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து மககிட்ட போன்ல சொன்னேன். கோகிலவாணி, ஒரே மக, கம்பெனியில இருக்கறா. அவதான் சொன்னா, "அப்பா, வெளிநாட்டுலயெல்லாம் இதை ஒரு சேலஞ்சா வெச்சுப் பண்றாங்க, வருசத்துக்கு இத்தனை புத்தகம்னு இலக்கு வெச்சு, ஒவ்வொண்ணும் ஒரு வகையில இருக்கணும்"னு. எனக்குப் பிடிச்சுப் போச்சுங்க. அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெரிய சார்ட் வாங்கிட்டுப் போயி செவுத்துல ஒட்டினேன். பேரெல்லாம் இந்தப் பக்கம், கட்டமெல்லாம் அந்தப் பக்கம். ஆளுக்கு அம்பது புத்தகம். மொழிபெயர்ப்பு ஒண்ணு, ஆயிரம் பக்கத்துக்கு மேல ஒண்ணு, நம்ம ஜில்லாக்காரர் எழுதினது ஒண்ணு, பாதியில விட்டதை எடுத்து முடிக்கறது ஒண்ணு, அடுத்தவங்க எடுத்துக் குடுத்தது ஒண்ணு, இப்படி. எல்லாரும் கை தட்டினாங்க தம்பி. அதை மறந்துட்டாங்க இன்னைக்கு. மொத நாளு கை தட்டினாங்க.

சரி, கட்டத்தை அவங்கவங்களே டிக் பண்ணிக்கட்டும்னு விட முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. விட்டா என்ன ஆகும்? அதனால ஒரு ஏற்பாடு பண்ணினேன். படிச்சேன்னு சொன்னா நான் மூணு கேள்வி கேப்பேன். பதில் சொன்னா டிக். அவ்வளவுதான். பெரிய கேள்வியெல்லாம் இல்லீங்க. கதாநாயகனோட தங்கச்சி பேரு என்ன, அந்த வீட்டுக்கு எத்தனை வாசல், இந்த மாதிரி. படிச்சவன் சொல்லிட்டுப் போறான்.

பங்குனி மாசமே ராசப்பன் மாட்டினாரு. தடியா ஒரு நாவலைக் கொண்டாந்து ஆகா ஓகோன்னு பேசினாரு. அதுல வர்ற பெரியவர் கடைசியில எங்க செத்துப் போறாருன்னு கேட்டேன். கோயில் படியிலன்னாரு. புத்தகத்துல அவரு சாகறது ஆஸ்பத்திரியில. அதைச் சினிமாவா எடுத்தாங்களே, அதுலதான் கோயில் படி. கையும் களவுமாப் பிடிச்சுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு மட்டும் சிரிக்கலை. மனுசன் அதுக்கப்புறம் எனக்கு மாத்திரை குடுக்கறப்பக்கூட மூஞ்சியைப் பாக்கறதில்லை.

அப்புறம் டீச்சர். அவங்களே ஒத்துக்கிட்டாங்க, வர்ணனை வந்தா தாண்டிப் போயிருவேன்னு. தாண்டிப் போனா அது எப்படிங்க முழுப் புத்தகம் ஆகும்? பாதி டிக் போட்டேன். ஒரு கோடு மட்டும் இழுத்தேன். அந்தக் காலேஜ் பாப்பா ஒரு நாளு ஏதோ கதையைச் சொல்லிட்டே வந்தவ பாதியில தொண்டை அடைச்சு நின்னுட்டா. அவங்கம்மா தவறிப்போயி கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சாம். எனக்கு அது தெரியாதுங்க. நான் எந்தப் பக்கம் அம்மிணி அதுன்னு கேட்டேன். எந்தப் பக்கம்னு கேக்கறது ஒரு குத்தமா? நாம்பளும் எடுத்துப் பாக்கலாமேன்னுதான கேக்கறது. அவ அடுத்த மாசத்துல இருந்து வரலை.

நான் எப்படிப் படிச்சேன்னு கேக்கறீங்களா? மத்தவங்களைக் கேள்வி கேக்கறவன் மொதல்ல தான் ஒழுங்கா இருக்கோணும். காத்தால காப்பியோட ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும். சோறு திங்கறப்பவும் புத்தகம்தான். அம்பதைப் புரட்டாசியிலயே தாண்டிட்டேன். அப்புறம் நூறுன்னு வெச்சுக்கிட்டேன். எல்லாம் கலந்துதான். சிறுவர் கதை இருந்துச்சு, தேனீ வளர்ப்பு இருந்துச்சு, சமையல் புத்தகம்கூட ஒண்ணு. சிரிக்காதீங்க. சமையல் புத்தகம் புத்தகம் இல்லீங்களா? முன்னுரையில இருந்து பின்னட்டை வரைக்கும் ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். அதுல என்ன படிச்சேன்னு இப்பக் கேட்டாலும், எத்தனை பக்கம்னு சொல்லுவேன்.

கலாமணியை அந்த சார்ட்டுல ரெண்டாவது பேரா எழுதியிருந்தேன், எனக்கு அடுத்து. அவளுக்கு ஒரு புத்தகத்தை டீச்சர் எடுத்துக் குடுத்தாங்க. ஒரு நாவல். பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போற ஒரு பொம்பளையோட கதை. பெரிய புத்தகம்கூட இல்லை. நான் அதை ரெண்டே நாள்ல முடிச்சு டிக் போட்டுட்டேன். இவ மாசியில ஆரம்பிச்சவ சித்திரையிலயும் அதையே வெச்சிருக்கறா. சமையக்கட்டுல அரிசி டப்பா மேல கெடக்கும். வெங்காயம் உரிச்ச கையோட எடுப்பா, ரெண்டு வரி படிப்பா, கவுத்து வெப்பா. புத்தகத்தைக் கவுத்து வெக்கக்கூடாது, முதுகு ஒடைஞ்சுரும்னு எத்தனை தடவை சொல்றது. கேக்கமாட்டா.

மொதல்ல எல்லாம் அங்க இருந்தே சொல்லுவா. "ஏனுங்க, இந்தப் பொம்பளை சம்பளம் வாங்கினதும் மொதல்ல என்ன வாங்கறா தெரியுங்களா?" அப்படீம்பா. நான் எந்தப் பக்கத்துல இருக்கறேன்னு கேப்பேன். "அது தெரியலீங்க, நடுவால எங்கியோ." நடுவாலன்னா? பக்கம் தெரியாம என்ன படிப்பு அதுன்னு சொல்லுவேன். அவ போயி தாளிக்க ஆரம்பிச்சுருவா. கொஞ்ச நாள்ல அப்படிச் சொல்றதும் நின்னு போச்சு. சரி, படிக்கறதையே விட்டுட்டா போலிருக்குதுன்னு நெனைச்சேன்.

வைகாசிக் கூட்டத்துல சார்ட்டைப் பாத்தா எம்பட பேருக்கு நேரா டிக் டிக்கா ஓடுது, அதுக்குக் கீழ கலாமணி பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லை. சொந்த வீட்டு ஆளுன்னு நான் சலுகை காட்டினா நாளைக்கு மத்தவன் கேப்பானா இல்லையா? எல்லார் முன்னாடியும் அவ பேரை அடிச்சேன். ஸ்கேல் வெச்சு ஒரு கோடு. "நீ வந்து கேளு, வேண்டாங்கலை, ஆனா கணக்குல வேண்டாம்"னு சொன்னேன். அவபாட்டுக்கு எல்லாருக்கும் தட்டுல சுண்டல் வெச்சுட்டு இருந்தா. எனக்கு மட்டும் வெக்க மறந்துட்டா. இல்லைன்னா தீந்து போயிருக்கும்.

அடுத்த மாசம் டீச்சர் போன் பண்ணினாங்க. "நாச்சிமுத்து சார், எனக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியலை. ராசப்பனுக்கும் கடையில ஆளில்லையாம். கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுக்கலாங்களா?" மூட்டு வலின்னா என்ன பண்றது. சரீன்னுட்டேன். கலாமணிகிட்டச் சொன்னேன், "பாத்தியா, கேள்வி கேட்டா எல்லாத்துக்கும் மூட்டு வலி வந்துருது"ன்னு. அவ பாத்திரம் கழுவிட்டு இருந்தா. "ஆமாங்க"ன்னா.

ஆனா நான் நிறுத்தலீங்க. எதுக்கு நிறுத்தோணும்? வாட்ஸ்அப்புல குழு இருக்குதில்ல. தெனமும் காத்தால புத்தகத்தோட அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, இன்னைக்கு இத்தனை பக்கம்னு எழுதுவேன். எல்லாரும் பாத்ததுக்கு அடையாளம் விழும். ஒருத்தரும் ஒரு வார்த்தை பதில் போடமாட்டாங்க. வயித்தெரிச்சல் தம்பி. ஒருத்தன் மேல போறானேன்னு வயித்தெரிச்சல். அப்படித்தான் நெனைச்சுட்டு இருந்தேன். தீபாவளிக்குக்கூட வாழ்த்துச் சொல்லலை ஒருத்தரும், நான் மட்டும்தான் சொன்னேன், நான் மட்டும்தான் அதுல இருக்கறேன்கற மாதிரி.

அந்தச் சமயத்துல கலாமணி மாசத்துக்கு ஒருக்கா சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போக ஆரம்பிச்சா. நல்ல சீலை கட்டிக்கிட்டு, தூக்குப்போசியில சுண்டல் எடுத்துக்கிட்டுப் போவா. பிரசாதத்துக்குன்னு நெனைச்சேன். வர்றப்ப மூஞ்சி தெளிச்சியா இருக்கும். சாமி கும்பிட்டா நல்லதுதானன்னு நானும் ஒண்ணும் கேக்கலை. ரெண்டாவது சனிக்கிழமைங்கறது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்க. ஊர்ல இருக்கற சொசைட்டி தில்லுமுல்லை எல்லாம் மோப்பம் பிடிச்ச மூக்கு இது.

மார்கழி வந்துச்சு. நூறாவது புத்தகத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம் முடிச்சேன். எனக்கு என்னமோ வீட்டுல இருப்பே கொள்ளலை. யார்கிட்டயாச்சும் சொல்லோணும். கலாமணி கோயிலுக்குப் போயிட்டா. சரி, சார்ட் அங்கதான ஒட்டியிருக்குது, போயி பாக்கி டிக்கையெல்லாம் போட்டுட்டு வந்துருவோம்னு செவப்பு மார்க்கரை எடுத்துட்டு நூலகத்துக்குப் போனேன். கீழ உட்கார்ந்திருக்கற நூலகர் என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு. "சார், மாடியில வெள்ளையடிச்சுட்டு இருக்கறாங்க, அப்புறம் வாங்க"ங்கறாரு. வெள்ளையடிக்கற எடத்துல எதுக்குய்யா சிரிப்புச் சத்தம் கேக்குதுன்னு நான் படியேறிட்டேன்.

கதவுக்கு வெளிய செருப்புக் கெடக்குது. வரிசையா. அதுல ஒண்ணு கலாமணியோடது. பட்டை அறுந்து நான்தான் தைக்கக் குடுத்து வாங்கினேன், எனக்குத் தெரியாதா. உள்ள டீச்சர் சிரிக்கறாங்க. மாடிப்படி ஏற முடியாத டீச்சர். ராசப்பன் குரல் கேக்குது. அம்மா தவறிப்போச்சுன்னு சொன்னேனே, அந்தப் பாப்பா குரலும் கேக்குது. அரை வருசமா கூடிட்டு இருந்திருக்கறாங்க தம்பி. என்னை விட்டுட்டு. கதவைத் தள்ளப் போனவன் நின்னுட்டேன், ஏன்னா அப்ப ஒருத்தி பேச ஆரம்பிச்சா. கலாமணி.

வீட்டுல அவ குரல் வேறீங்க. சோறு போடட்டுங்களா, மாத்திரை போட்டீங்களா, கேஸ்காரன் வந்துட்டுப் போனான், இதுக்கு ஒரு குரல் இருக்குது. இது அது இல்லை. ஏத்த எறக்கத்தோட, நடுவுல நிறுத்தி, சிரிக்க வெச்சு, எல்லாரையும் கட்டிப் போட்டு வெச்சிருக்கறா. முப்பத்தாறு வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கறேன், நான் அதைக் கேட்டதே இல்லை. எனக்கு நெஞ்சு வலிச்சுதுங்க. பொய் சொல்லலை, நெஜமாவே வலிச்சுது.

அந்த மில்லுக்காரி நாவலைத்தான் பேசறா. அதே புத்தகத்தை இன்னும் முடிக்கலை போலிருக்குது. ஆனா என்ன பேசறாங்கறீங்க? அந்தப் பொம்பளையோட புருசனைப் பத்திப் பேசறா.

"அந்த மனுசன் கெட்டவர்னு நான் சொல்லமாட்டேனுங்க டீச்சர்" அப்படீங்கறா. "ஒரு நாளும் கை நீட்டினதில்லை, குடிச்சதில்லை. பொழுதோட சமையக்கட்டு வாசல்ல வந்து நிப்பாரு. என்னமோ பேசோணும்னுதான் வருவாரு. அவருக்கு அது வராது. கணக்குத்தான் வரும். எத்தனை ஆச்சு, எந்தப் பக்கம், எப்ப முடியும். அந்தப் பொம்பளை ஒரு நாளு இதைப் படிச்சுட்டு அழுதுட்டேனுங்கன்னு சொல்ல வாயைத் தொறந்திருப்பா, அதுக்குள்ள நம்பரைக் கேட்டுருவாரு. பாவம்ங்க அவரு. அத்தனை பேரு நடுவுல தனியா இருக்கறாரு, அது அவருக்கே தெரியாது. அவரு வந்து நிக்கறப்பெல்லாம் அவளுக்கு, உள்ள வாங்க, இப்படி உட்காருங்கன்னு கூப்பிடோணும் போல இருக்கும். கூப்பிட்டா மறுக்காவும் நம்பரைக் கேட்டுருவாரோன்னு பயம். அதனால கூப்பிடமாட்டா. திரும்பிப் பாக்காம வெங்காயம் அரிவா."

இதைச் சொல்லி முடிக்கறப்ப அவளுக்குக் குரல் ஒடைஞ்சு போச்சு. உள்ள அந்தப் பாப்பா மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும்.

இப்பச் சொல்லுங்க. நான் அந்தப் புத்தகத்தைப் படிச்சவன். அந்த நாவல்ல புருசனே கெடையாதுங்க. ரெண்டாவது அத்தியாயத்துலயே லாரிக்கு அடியில சிக்கிச் செத்துப் போறான். அதுக்கப்புறம்தான் அவ மில்லுக்கே போறா. செத்தவன் எங்க வந்து சமையக்கட்டு வாசல்ல நிப்பான்? அதோட அந்தப் பொம்பளைக்கு எழுத்து வாசனையே இல்லை. சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான் வெக்கறா, புத்தகத்துலயே வருது. அவ எதைப் படிச்சுட்டு அழுகறது? முழுசும் தப்பு. அத்தனை பேரும் வாயைப் பொளந்து கேட்டுட்டு இருக்கறாங்க, ஒருத்தருக்காச்சும் இது புத்தகத்துலயே இல்லையேன்னு தோணலை பாருங்க.

என்னால பொறுக்க முடியலை. கதவைத் தள்ளிட்டு உள்ள போனேன். எல்லாருக்கும் மூஞ்சி செத்துப் போச்சு. ராசப்பன் கையில சுண்டல், அப்படியே நிக்குது. நான் டீச்சரைப் பாத்து மூட்டு வலி தேவலைங்களான்னு ஒரு வார்த்தை கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கலை. கலாமணிகிட்டத்தான் திரும்பினேன். "கலாமணி, நீ சொல்ற மாதிரி ஒரு ஆளு அந்தப் புத்தகத்துலயே இல்லை"ன்னேன். சத்தமெல்லாம் போடலை, நல்லபடியாத்தான் சொன்னேன். "இருந்தா எந்தப் பக்கம்னு சொல்லு, நான் ஒத்துக்கறேன்."

அவ என்னையே பாத்தா. அப்புறம், "சரிங்க. இல்லைன்னே வெச்சுக்குங்க" அப்படின்னுட்டு, தூக்குப்போசியை மூடி எடுத்துக்கிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டா.

சரி, வந்த வேலையைப் பாப்போம்னு செவுத்தைப் பாத்தேன். சார்ட்டைக் காணோம். மேசையைப் பாத்தா அதுமேலதான் விரிச்சிருக்குது, சுண்டல் தட்டுக்கு அடியில. எம்பட பேரு மேல எண்ணெய்க் கறை. மாங்காய்த் துண்டு ஒண்ணு கெடந்துச்சு. நூறு புத்தகம் தம்பி. "உட்காருங்க சார்"னு டீச்சர் நாற்காலியை நகர்த்தினாங்க. நான் உட்காரலை.

வீட்டுக்குப் போனா அவ எப்பவும் போல தோசை ஊத்தினா. நானும் தின்னேன். நாலு நாள் கழிச்சு, கொழந்தைக்குப் பள்ளிக்கூட லீவு, கோகிலாவுக்கு ஒத்தாசையா இருக்கோணும்னு ஓசூருக்குக் கெளம்பிட்டா. லீவு எப்பவோ முடிஞ்சு போச்சு. தெனமும் போன் பண்றா. மாத்திரை போட்டீங்களாங்கறா. போட்டேன்கறேன். வெச்சுடறா. எப்ப வர்றேன்னு கேட்டா, "வர்றேனுங்க"ங்கறா. தேதி சொல்லமாட்டேங்கறா.

நான் அதுக்கப்புறம் வேற புத்தகம் எதையும் தொடலை. அந்த நாவலைத்தான் மறுக்கா படிச்சேன். ஒருவேளை அவசரத்துல நான் ஏதாச்சும் தாண்டிப் போயிருந்தா? அப்படி நான் தாண்டறவன் இல்லை, இருந்தாலும் மனசு கேக்கலை. ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் படிச்சேன். இல்லீங்க. அந்த ஆளு எங்கியுமே இல்லை. இன்னொருக்காவும் படிச்சேன். நேத்து கோகிலாகிட்டப் போன்ல சொன்னேன், உங்கம்மாகிட்ட அந்த ஆளு எங்க வர்றான்னு மட்டும் கேட்டுச் சொல்லுன்னு. அதுக்கு அவ, "அப்பா, அது நீங்கதான்பா"ங்கறா. அழுகறாளா சிரிக்கறாளான்னு தெரியலை.

நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்களா? உங்க மூஞ்சியைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. பரவால்லை, சொல்லுங்க. ஆனா ரோசனை பண்ணிப் பாருங்க, அது எப்படி நானாகும்? அவ சொன்ன ஆளு தனியா இருக்கறவன். நான் எங்க தனியா இருந்தேன்? எனக்குத்தான் கலாமணி இருந்தாளே. அப்படியே என்னைப் பத்தி மனசுல ஒண்ணு இருந்தாலும் என்கிட்டத்தான சொல்லுவா? பக்கத்து ரூம்லதான் உட்கார்ந்திருக்கறேன். கூப்பிட்டா கேக்கற தூரம். மாடி ஏறிப் போயி ஏழு பேருகிட்ட எதுக்குச் சொல்லோணும்?

தொப்பூர் வந்துருச்சு போல, வண்டி முக்குது. ஏத்தத்துல மெதுவாத்தான் போவான்.

எனக்குக் கோபம் டீச்சர் மேலயும் இல்லை, ராசப்பன் மேலயும் இல்லீங்க. அவங்க எல்லாம் யாரு எனக்கு. எனக்கு ஆத்திரம் அந்த ஆளு மேலதான். எவனோ, புத்தகத்துலயே இல்லாதவன், அவனுக்காக எம்பட சம்சாரம் அத்தனை பேரு முன்னால குரல் ஒடைஞ்சு நிக்கறா. பாவம்ங்கறா. அவன் வாசல்ல வந்து நின்னா உள்ள கூப்பிட்டு உட்கார வெக்கோணும் போல இருக்குமாம். நானுந்தான தம்பி நின்னேன். தெனமும் பொழுதோட அந்தச் சமையக்கட்டு வாசல்ல போயி நிப்பேன், எதுக்குன்னுகூட எனக்குத் தெரியாது, சும்மா நிப்பேன். அவ வெங்காயம் அரிஞ்சுட்டு இருப்பா. என்னை ஒரு நாளும் உள்ள கூப்பிட்டதில்லை.